இரோக்வாய் மக்களின் சாப்பாடு: சோளக் கொல்லையைச் சுற்றி ஓர் எளிய அறிமுகம்

1687 ஜூலையில் வட அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றமான புதிய பிரான்சின் ஆளுநர் டெனொன்வில் ஒரு பெரும்படையோடு, இரோக்வாய் இனங்களில் ஒன்றான செனெக்கா மக்களின் ஊர்களுக்குள் புகுந்தார். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி அது. ஒரு சண்டைக்குப் பிறகு செனெக்காக்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். துரத்திப் பிடிக்க ஆள் இல்லை. ஆனாலும் படை உடனே திரும்பவில்லை. சுமார் பத்து நாள் அங்கேயே தங்கி, வயலில் நின்ற மக்காச்சோளத்தை (இனி சுருக்கமாகச் சோளம்) வெட்டிச் சாய்த்தது, சேமிப்பில் இருந்ததைக் கொளுத்தியது. மொத்தம் 12 லட்சம் புஷல் சோளத்தை அழித்ததாக டெனொன்வில் கணக்கு எழுதினார். ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறக்குறைய 25 கிலோ. பெருக்கிப் பார்த்தால் 30,000 டன் வருகிறது. படைத்தலைவர்கள் தம் சாதனையைக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான். வரலாற்றாசிரியர்களும் இந்த எண்ணை நம்புவதில்லை. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் அது சிறிய விளைச்சல் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடிகள் என்றதும் வில்லும் அம்பும் ஏந்தி மான் துரத்தும் ஆட்கள்தான் நம் மனத்தில் வருகிறார்கள். இரோக்வாய் மக்களும் வேட்டையாடினார்கள், அதில் வல்லவர்களாகவும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் முதலில் விவசாயிகள். எப்போது வேட்டைக்குப் போவது, எந்த மாதம் எந்தச் சடங்கு, போருக்குப் போகலாமா வேண்டாமா என்பதெல்லாம் சோளக் கொல்லையை வைத்தே முடிவாயின. அந்தக் கொல்லை பெண்களுடையது.

முதலில் யார் இவர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1722 வாக்கில், தெற்கே கரோலினாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த டஸ்கரோரா மக்கள் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். இரோக்வாய் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை ஹோடெனோஷோனி, அதாவது நீள்வீட்டு மக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். எல்ம் மரப்பட்டையால் வேய்ந்த அந்த வீடுகள் ஆறேழு மீட்டர் அகலமும் அதைப்போலப் பல மடங்கு நீளமும் கொண்டவை. நடுவே வரிசையாக அடுப்புகள், இரண்டு பக்கமும் குடும்பங்கள். ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள். திருமணமானதும் கணவன்தான் மனைவியின் வீட்டுக்கு வருவான்.

மூன்று சகோதரிகள்

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து நடுவதுதான் இரோக்வாய் வேளாண்மையின் அடிப்படை. இவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைப்பார்கள். வானத்திலிருந்து விழுந்து ஆமையின் முதுகில் இறங்கிய பெண்ணின் கதை அவர்களுடைய படைப்புக் கதை. அந்தப் பெண்ணின் மகள் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று இறந்தபோது அவளைப் புதைத்த இடத்திலிருந்து இந்தச் செடிகள் முளைத்தன என்கிறது கதை.

தாவரவியல் சொல்லும் கதை இன்னும் நீளமானது. மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து உருவாக்கப்பட்ட பயிர். வெப்பநாட்டுச் செடியான அது வடக்கே பனி கொட்டும் நிலத்தில் விளைய வேண்டுமானால் குறுகிய கோடைக்குள் முற்றிவிடும் ரகம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிப் பொறுக்கித்தான் அது கிடைத்தது. மூவரில் கடைசியாக வந்து சேர்ந்தது பீன்ஸ், கி.பி. 1300 வாக்கில்தான் அது இந்தப் பகுதியில் பரவலாகிறது. என்றென்றும் சேர்ந்தே இருந்தவர்களைப் போலத் தோன்றும் இந்தச் சகோதரிகள் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில் வந்தவர்கள்.

நடவுக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. மரங்களின் இளந்தளிர் அணிலின் காது அளவுக்கு வளர்ந்ததும் மண் போதுமான சூடு ஏறிவிட்டது என்று பொருள். பெண்கள் மண்ணைக் குவித்து ஓரடி உயரத்துக்குச் சிறு மேடுகள் அமைப்பார்கள். மேட்டுக்கு மேடு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. ஒவ்வொரு மேட்டிலும் நாலைந்து சோள விதை. சோளம் முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் அதே மேட்டில் பீன்ஸ் விதை ஊன்றப்படும்; பூசணி அங்கங்கே மேடுகளின் ஓரத்தில். இந்த வரிசை முக்கியம். பீன்ஸை முந்தி நட்டால் அது இளம் சோளத்தைச் சுற்றி இழுத்துச் சாய்த்துவிடும்.

இதற்குப் பிறகு நடப்பதைப் பலர் படித்திருப்பீர்கள். சோளத்தட்டை பீன்ஸுக்குப் பந்தலாகிறது. பூசணியின் அகன்ற இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கிறது, களை முளைக்க விடுவதில்லை. பீன்ஸ் வேரில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. இதில் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பீன்ஸ் பக்கத்திலிருக்கும் சோளத்துக்கு அப்போதைக்கப்போதே உரம் ஊட்டுவதுபோலப் பல பாடநூல்கள் எழுதுகின்றன. அப்படியில்லை. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதியை பீன்ஸ் தனக்கே வைத்துக்கொள்கிறது. செடி காய்ந்து, வேரும் தழையும் மண்ணில் மக்கிய பிறகுதான் மற்றதற்குக் கிடைக்கும். அதாவது இந்த ஆண்டு பீன்ஸின் பயன் அடுத்த ஆண்டுச் சோளத்துக்கு.

அதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது அந்த மண்மேடு. வசந்தத்தின் குளிர்ந்த ஈர மண்ணில் மேடு சீக்கிரம் சூடாகும், தண்ணீர் தேங்காது. கோடையில் களைகொத்தி மண் அணைக்க அணைக்க மேடு பெரிதாகி, காற்றில் சோளம் சாயாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டும் அதே மேட்டில்தான் நடவு. இடைப்பட்ட நிலம் கிளறப்படவே இல்லை.

ஏர் கிடையாது என்பதைக் கவனியுங்கள். உழவு மாடு இல்லை, குதிரை இல்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன் இவர்களிடம் இருந்த ஒரே வீட்டு விலங்கு நாய். மானின் தோள்பட்டை எலும்பிலோ மரத்திலோ செய்த கொத்துதான் கருவி. ஐரோப்பியர் இதைப் பின்தங்கிய விவசாயம் என்று எழுதினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியலாளரும் டஸ்கரோரா வழிவந்தவருமான ஜேன் மவுன்ட் பிளெசன்ட் இந்த எண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டினார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இரோக்வாய்ப் பெண்கள் ஓர் ஏக்கரில் எடுத்த தானியம், அதே காலத்து ஐரோப்பிய விவசாயி எடுத்த கோதுமையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு என்பது அவருடைய கணக்கு. காரணம், ஏர் இல்லாததுதான். உழும்போதெல்லாம் மண்ணிலுள்ள மக்கு காற்றுபட்டுச் சிதைந்து குறைகிறது. உழாத மண்ணில் அது அப்படியே தங்கி ஆண்டுதோறும் பயிருக்கு ஊட்டம் தருகிறது. மூன்று பயிரையும் சேர்த்து நட்ட சோதனை வயலின் விளைச்சலிலிருந்து, ஒரு ஹெக்டேர் ஓர் ஆண்டுக்கு 13 பேருக்குத் தேவையான கலோரியைத் தரும் என்றும் அவர் கணக்கிட்டிருக்கிறார். புரதத்தில் கணக்கு அதற்கும் மேலே போகிறது.

விதைத்த பிறகு பெரிய தொல்லை காக்கை. விதையைச் சில வேர்களின் கஷாயத்தில் ஊறவைத்து நடுவார்கள். அதைக் கொத்திய காக்கை கிறுகிறுத்துத் தள்ளாடுவதைப் பார்த்து மற்றவை பறந்துவிடும் என்று பயணிகள் எழுதியிருக்கிறார்கள். கொல்லையில் பரண் கட்டி அதன்மேல் பிள்ளைகளையும் உட்கார வைப்பார்கள்.

புதுக் கொல்லைக்காகக் காட்டைத் திருத்துவது மட்டும் ஆண்களின் வேலை. மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் அது நின்றபடியே காய்ந்துவிடும், பிறகு தீ வைப்பார்கள். பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே வேறிடத்துக்குப் பெயரும். மண் சத்திழந்ததால் என்று முன்பு சொல்வார்கள். பக்கத்தில் விறகு தீர்ந்துபோனதும் வீட்டுக்கம்பங்கள் உளுத்துப்போனதும் அதே அளவு காரணமாக இருக்கலாம்.

கொல்லையின் மறுபக்கம்

பெண்கள் இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்யவில்லை. ஊர்ப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கொல்லையாக முடித்துக்கொண்டு போவார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சிறுமியாகப் பிடிபட்டு, செனெக்காக் குடும்பத்தில் சகோதரியாக ஏற்கப்பட்டு, ஆயுள் முழுக்க அவர்களோடே வாழ்ந்த மேரி ஜெமிசன் தன் முதுமையில் சொன்ன நினைவுகள் 1824இல் அச்சேறின. பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு, விரட்ட ஒரு மேலாள் இல்லாமல், இஷ்டப்பட்ட வேகத்தில் வேலை செய்தோம் என்கிறார். வெள்ளைக்காரப் பெண்களின் பாட்டைவிட இது கடினம் இல்லை என்பதும் அவர் சொன்னதே. இரோக்வாய்ப் பெண்களை அடிமைகள் என்று எழுதிய அக்காலத்து ஆண் பயணிகளைவிட இவருடைய பேச்சுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மண்வெட்டி பிடித்த கை அவருடையது.

விளைந்த தானியம் பெண்களின் பொறுப்பில் இருந்தது. தலைவர்களை நியமிப்பதும், தகுதியில்லை என்றால் பதவி இறக்குவதும் குலத்தாய்களின் உரிமை. போருக்குப் புறப்படுபவனுக்கு வறுத்த சோளமாவும் தோல் காலணியும் வேண்டும். இரண்டும் பெண்கள் கையில். போர் வேண்டாம் என்று அவர்கள் நினைத்தால் கட்டுச்சோறு கிடையாது. அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட எந்த வீட்டோவையும்விட இது வலுவாக வேலை செய்திருக்கும் என்று தோன்றுகிறது.

சாம்பல் செய்யும் வேலை

சமையலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டென்றால் அது சாம்பல்தான். முற்றிய சோளத்தை அப்படியே வேகவைக்க மாட்டார்கள். சலித்த விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து அதில் சோளத்தைக் கொதிக்கவிடுவார்கள். சாம்பலின் காரத்தன்மையில் மேல்தோல் இளகிக் கழன்றுவிடும். பிறகு, அடிப்பக்கம் இடைவெளிவிட்டுப் பின்னிய கூடையில் கொட்டி, ஓடும் நீரில் அலசி அலசித் தோலையும் சாம்பலையும் போக்குவார்கள். மிஞ்சுவது உப்பி மென்மையான வெள்ளை முத்துகள்.

தோல் போவது கண்ணுக்குத் தெரியும் பலன். தெரியாத பலன் இன்னும் பெரிது. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் பி3 இருந்தாலும் அது உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கும். காரநீரில் வேகும்போது அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போன ஐரோப்பா அதற்கு விலை கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டு ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளக்கஞ்சியையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது. தோல் வெடிக்கும், பேதி ஆகும், புத்தி தடுமாறும், கடைசியில் சாவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். உணவுக் குறைதான் என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் காட்டிய பிறகும் பலர் ஏற்கவில்லை. இரோக்வாய்ச் சமையற்கட்டில் அந்தப் பிரச்சினை வரவே இல்லை. சாம்பல் நியாசினை விடுவித்தது. சோளத்தில் குறைவான லைசின், டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறுகளை பீன்ஸ் ஈடுகட்டியது. வயலில் மட்டுமல்ல, சட்டியிலும் அந்தச் சகோதரிகள் ஒருவருக்கொருவர் துணை.

தோல் நீக்கிய சோளம் உரலுக்குப் போகும். அடிமரத்தைக் குடைந்து செய்த உரல், இரண்டு முனையும் பருத்து நடுவில் மெலிந்த உலக்கை. இடித்துச் சலித்த மாவில் வெந்த பீன்ஸைக் கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, தட்டையான வட்டங்களாகத் தட்டி, கொதிக்கும் நீரில் போடுவார்கள். வெந்ததும் மேலே மிதந்து வரும். சோள ரொட்டி என்று சொன்னாலும் இது அடுப்பில் சுட்ட ரொட்டி இல்லை. காராமணிக் கொழுக்கட்டையைக் கொஞ்சம் பெரிதாக, கெட்டியாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கரடி நெய்யோ சூரியகாந்தி எண்ணெயோ தொட்டுக்கொள்வார்கள். முழு முத்துகளை பீன்ஸோடும் இறைச்சியோடும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தால் அது சோள சூப். இளங்கதிர்களைச் சுட்டும் வேகவைத்தும் தின்பதற்கு ஆகஸ்ட் கடைசி. பச்சைச்சோளத் திருவிழா அப்போதுதான்.

பயணத்துக்கு வேறு வகை. சோளத்தை வறுத்து, பொடித்து, மேப்பிள் சர்க்கரை கலந்து பையில் கட்டிக்கொள்வார்கள். ஒரு பிடி மாவும் கொஞ்சம் தண்ணீரும் போதும். தீ மூட்ட வேண்டாம், புகை எழாது. எதிரி நாட்டுக்குள் நடப்பவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு நாளைக்கு முறையாகச் சமைத்துப் பரிமாறும் சாப்பாடு ஒன்றுதான், முற்பகலில். மற்ற நேரமெல்லாம் பானை அடுப்பில் இருக்கும், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் யார் வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், முதலில் சாப்பாட்டை வைத்துவிட்டுத்தான் பேச்சு. 1851இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதிய லூயிஸ் ஹென்றி மார்கன் இந்த விருந்தோம்பலைப் பார்த்து வியந்திருக்கிறார். ஊரில் ஒருவர் பட்டினி கிடந்தால் ஊரே பட்டினி என்றுதான் பொருள்.

அறுவடையானதும் கதிர்களின் மேலுறையை உரித்து, நீளமான சடைகளாகப் பின்னி, நீள்வீட்டின் கூரைக் கம்புகளில் தொங்கவிடுவார்கள். உதிர்த்த சோளம் மரப்பட்டைக் குதிர்களில். மரப்பட்டையும் புல்லும் பரப்பிய குழிகளும் உண்டு. பூசணியை வளையங்களாக அறுத்துக் காயவைப்பார்கள்.

காடு

அறுவடை முடிந்த பிறகுதான் பெரிய வேட்டை. இலையுதிர்காலத்தில் குடும்பங்கள் ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள வேட்டை முகாம்களுக்குப் போய், குளிர்காலத்தின் நடுவில் வரும் பெரிய சடங்குக்குத் திரும்பும். அப்போது மானுக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். கரடியும் குளிர்கால உறக்கத்துக்காகக் கொழுத்திருக்கும்.

இறைச்சி தரும் விலங்குகளில் முதலிடம் வெள்ளைவால் மானுக்கு. இறைச்சிக்கு இணையாகத் தோலும் தேவைப்பட்டது. பருத்தி இல்லை, ஆட்டு ரோமம் இல்லை. ஒரு குடும்பத்தின் சட்டை, பாவாடை, காலணி எல்லாம் மான்தோல். தனியாளாக வில்லோடு போவதும் உண்டு, கண்ணி வைப்பதும் உண்டு. கூட்டு வேட்டை இன்னும் பலன் தந்தது. இரண்டு நீண்ட வேலிகள் ஒரு முனையில் நெருங்கி வருமாறு காட்டில் கட்டப்படும். ஆட்கள் வரிசையாகச் சத்தம் எழுப்பி மான்களை அதற்குள் விரட்ட, குறுகிய முனையில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் சாம்ப்லெய்ன் 1615இல் வென்டாட் மக்களோடு இருந்தபோது இதை நேரில் பார்த்தார். வென்டாட்கள் இதே மொழிக் குடும்பத்தவர், இதே பயிர்களை இதே முறையில் வளர்த்தவர்கள், ஆனால் ஐந்தினக் கூட்டமைப்பின் பகைவர்கள். 38 நாளில் 120 மான் கிடைத்ததாக அவர் எழுதுகிறார்.

கொல்லையும் காடும் தனித்தனி உலகம் இல்லை. கைவிட்ட பழைய கொல்லைகளில் பழப்புதர்களும் இளங்கன்றுகளும் மண்டும். அங்கே மேய மான் வரும். காட்டின் அடிப்புதரை அவ்வப்போது எரித்துவிடுவதும் இதே பலனைத் தரும். விவசாயம் செய்த இடமே சில ஆண்டில் நல்ல வேட்டைக்காடாக மாறியது.

குளிர்காலம் முடியும்போது, இரவில் உறைபனியும் பகலில் வெயிலுமாக இருக்கும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தில் சாறு ஏறும். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. அதையும் காய்ச்சிச் சர்க்கரையாக்கி வைத்துக்கொள்வார்கள். ஆண்டின் சேமிப்பு குறைந்திருக்கும் அந்த நேரத்தில் மீன்களும் வரத்தொடங்கும். ஆற்றின் குறுக்கே கல்லாலும் கம்பாலும் அடைப்புக் கட்டி விலாங்கும் சால்மனும் பிடித்தார்கள். வசந்தத்தில் லட்சக்கணக்கில் கூடுகட்டும் பயணப்புறாக்களின் கொழுத்த குஞ்சுகள் இன்னொரு விருந்து. வளர்ந்த பறவைகளை விட்டுவிட்டுக் குஞ்சுகளை மட்டும் எடுப்பது செனெக்கா வழக்கம். அந்தப் புறா இனத்தை 19ஆம் நூற்றாண்டில் வணிக வேட்டைக்காரர்கள் துப்பாக்கியாலும் வலையாலும் தீர்த்துக்கட்டினார்கள். கடைசிப் புறா 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது. ஜூனில் காட்டு ஸ்ட்ராபெரி, அதற்கென்று ஒரு விழா. பிறகு மற்றப் பழங்கள், இலையுதிர்காலத்தில் ஹிக்கரி கொட்டை. அதை இடித்து வெந்நீரில் கலக்கி எடுத்த பாலைக் குழந்தைக்குக்கூடக் கொடுப்பார்கள்.

இந்தக் காடு யாருடையது? இதற்கு ஒரு சட்டம் இருந்தது: ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. வேட்டைநிலம் எல்லாருக்கும் பொதுவான ஒரு பாத்திரம். அவரவர் முறை வரும்போது தேவைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவருக்கு மிச்சம் வைக்க வேண்டும். பாத்திரத்தின் அருகே கத்தி இருக்கக் கூடாது, ரத்தம் சிந்திவிடும். 1701இல் மொன்ட்ரியாலில் பிரெஞ்சுக்காரரோடும் பல பழங்குடி இனங்களோடும் செய்த பெரும் சமாதானத்தின்போதும் இந்தப் பாத்திரம் பேச்சில் வந்தது. கத்தி வைக்கக் கூடாது என்ற சட்டம் கத்தி எடுத்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் கிராக்கி ஏறியபோது, கூட்டமைப்பு வென்டாட்களையும் வேறு சில அண்டை இனத்தவரையும் தாக்கி அவர்கள் நாட்டையே சிதறடித்தது. இரோக்வாய் மக்களை எப்போதும் இயற்கையோடு இசைந்து வாழ்ந்த சாந்தமூர்த்திகளாகக் காட்டும் எழுத்துகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகின்றன.

மீண்டும் படை

1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி சல்லிவனை அனுப்பினார். அமெரிக்க விடுதலைப் போரில் இரோக்வாய் இனங்களில் பெரும்பாலானவை பிரிட்டன் பக்கம் நின்றன. வாஷிங்டனின் கட்டளை ஊர்களை முற்றாக அழிக்கச் சொன்னது. நிலத்தில் நிற்கும் பயிரைப் பாழாக்குவதும் மறுபடி நடவிடாமல் தடுப்பதும் அவசியம் என்று தனியாகவே அதில் குறிப்பிட்டிருந்தது. எதை அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சல்லிவனின் படை 40 ஊர்களை எரித்தது. 1,60,000 புஷல் சோளம் போயிற்று. ஐரோப்பியரிடமிருந்து வந்து வேரூன்றியிருந்த ஆப்பிள், பீச் தோப்புகளையும் வெட்டினார்கள். விளைச்சலின் செழிப்பைப் பார்த்துப் படைவீரர்கள் நாட்குறிப்புகளில் வாய்பிளந்து எழுதினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பலர் அதே நிலத்துக்குக் குடியேறிகளாகத் திரும்பி வந்தார்கள். ஊரிழந்த ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டையைச் சுற்றி, மிகக் கொடிய அந்தக் குளிர்காலத்தில், பிரிட்டிஷ் படை கொடுத்த ரேஷனை நம்பிக் கிடந்தார்கள். பலர் பசியிலும் குளிரிலும் செத்தார்கள்.

அடுத்து நிலம் போயிற்று. 1797 ஒப்பந்தத்தில் செனெக்காக்கள் மேற்கு நியூயார்க்கின் பெரும்பகுதியை இழந்து சிறு சிறு ஒதுக்கீட்டுத் துண்டுகளுக்குள் ஒடுங்கினார்கள். வேட்டைக்காடு இல்லாமல் ஆண்களுக்கு வேலை இல்லை. 1798இல் குவேக்கர் கிறிஸ்தவர்கள் அலகேனி ஆற்றங்கரைச் செனெக்காக்களிடம் வந்து, ஆண்களுக்கு ஏர் பிடிக்கவும் பெண்களுக்கு நூல் நூற்கவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். பல நூறு ஆண்டு விவசாயம் செய்த மக்களுக்கு விவசாயம் சொல்லித்தர வந்தவர்கள் அவர்கள். கொத்தைக் கையில் எடுத்த ஆணைப் பெண்களே கேலி செய்தார்களாம். மெல்ல மெல்ல அதுவும் மாறியது. குதிரையும் ஏரும் வந்தன, கொல்லையில் ஆண்கள் இறங்கினார்கள்.

இருந்தும் வெள்ளைச்சோளம் அழியவில்லை. வீட்டுக்கு வீடு விதை கைமாறி வந்தது. 1910இல் செனெக்கா வழிவந்த ஆர்தர் பார்க்கர் இவர்களுடைய சோளப் பயன்பாட்டைப் பற்றி விரிவாக ஆவணப்படுத்தியபோது உரல், உலக்கை, அலசும் கூடை எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருந்தன. மீனுக்குத்தான் கதி வேறு. தொழிற்சாலைகள் கொட்டிய பாதரசத்தால் ஒனொன்டாகா ஏரியில் 1970இல் மீன்பிடிக்கத் தடை வந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் மோஹாக்கள் வாழும் அக்வெசாஸ்னேயில் பிசிபி என்ற நச்சு மீனில் சேர்ந்ததால், மீனைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆற்றோரத்தில் இருந்துகொண்டே மீனைக் கடையில் வாங்கும் நிலை.

டெனொன்வில் கொளுத்திய சோளம் நின்ற கனொண்டாகன் இன்று மாநில வரலாற்றுத் தலம். செனெக்கா அறிஞர் ஜான் மோஹாக் தொடங்கிவைத்த வெள்ளைச்சோளத் திட்டம் இப்போது அங்கிருந்துதான் நடக்கிறது: கையால் உரித்து, தோல் நீக்கிக் காயவைத்த முத்து, மாவு, வறுத்த மாவு என்று மூன்று வகையாக விற்கிறார்கள். தோல் நீக்க இப்போது பலர் சாம்பலுக்குப் பதிலாகச் சுண்ணாம்பையோ சமையல் சோடாவையோ பயன்படுத்துகிறார்கள். சாம்பலில் செய்தால்தான் அந்த ருசி வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். விழாக்களிலும் கூட்டங்களிலும் சோள சூப் இல்லாமல் இருக்காது. சிவப்பு பீன்ஸும் வெள்ளைச்சோளமும் அதில் பழையபடியே. மான் இறைச்சி இருந்த இடத்தில் பெரும்பாலும் உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி.